கொஞ்சம் இறுக்குங்க, ஐவர்!

"யோவ்! யாரு உங்களைத் தளர்த்தச் சொன்னது?"

நீராவி எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்த ரக்னாவின் குரலில் கண்காட்சித் திடலே திரும்பிப் பார்த்தது. கன்னத்தில் கரி, கோபத்தில் பளபளக்கும் நீலக் கண்கள்... அடடா! கீழே பிரேக்கின் கைச்சக்கரத்தைப் பிடித்திருந்த ஐவர் என்ற இளைஞன் அவளை அண்ணாந்து பார்த்தான்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநில அறுவடைக் கண்காட்சியில் இது பெரிய பந்தயம். எஞ்சினையும் பிரேக்கையும் நீளமான பெல்ட்டால் இணைப்பார்கள். பிரேக்கை இறுக்க இறுக்க, எஞ்சின் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதைத் தராசு முள் காட்டும். இன்று முழுப் பாரத்தையும் இழுத்துவிட்டால் இனி எஞ்சின் ரக்னாவுக்கு. திணறி நின்றால் அவள் அண்ணனுக்கு. அப்பா ஹால்வர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சற்றுமுன் எஞ்சின் மூச்சுவாங்கியதும், ஐவர் சத்தமில்லாமல் ஒரு சுற்றுத் தளர்த்தினான். எஞ்சின் சமாளித்துவிட்டதென்று கூட்டம் கைதட்டியது. ஆனால் புகைபோக்கியின் சத்தம் லேசானதை ரக்னாவின் காது கண்டுபிடித்துவிட்டது!

"பாவமா இருந்துச்சுங்க..."

"பாவமா? என் எஞ்சினைப் பார்த்தா? ஓசியில ஜெயிச்சிட்டு எங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்? முதல்லேர்ந்து இறுக்குங்க!"

"நின்னுட்டா?"

"நின்னா என் தலையெழுத்து. உங்களுக்கென்ன?"

ரோஷக்காரி! ஐவர் இறுக்கினான். அந்த நேரம் பார்த்தா தூறல் விழ வேண்டும்?

"பெல்ட் வழுக்கும்மா... போதும், இறங்கு!" ஹால்வர் கத்தினார்.

"மாட்டேன்ப்பா! ஐவர்... அதுதானே உங்க பேரு? இன்னும் கொஞ்சம் இறுக்குங்க!"

தன் பெயரை அவள் வாயால் கேட்டதும் அவன் இரு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்தான். முழு பலத்தோடு இறுக்கினான். எஞ்சின் தடுமாறியது. ரக்னா நீராவியை முழுசாகத் திறந்தாள். தொண்டை கிழியப் பிளிறிக்கொண்டு எஞ்சின் பாரத்தைப் பிடித்தது! முள் முழு அளவில் போய் நின்றது.

"எஞ்சின் உனக்குத்தான்டி, என் ராஜாத்தி!" ஹால்வர் தொப்பியைத் தூக்கி எறிந்தார்.

நனைந்த முகத்தோடு ரக்னா ஐவரின் முன்னால் வந்து நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எல்லா எஞ்சினுக்கும் இப்படித்தான் தளர்த்துவீங்களா?"

"இல்லைங்க. முள்ளைப் பார்க்க வேண்டியவன்... உங்களையே பார்த்துட்டேன். நீங்க தோத்துடக் கூடாதுன்னு தோணிச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் கன்னத்தில் கரியையும் மீறிச் சிவப்பு.

"அப்ப நாளைக்கு பிரேக்குக்கு வேற ஆளைப் போடச் சொல்லுங்க."

"ஏங்க..?"

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. எஞ்சின் மேல வந்து என் பக்கத்துல நில்லுங்க."