சிவப்புப் பலகையில் ஐந்தாம் எண்

எப்சிபா முதன்முதலாக அங்கே வந்து இறங்கியபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. ஆண்டிபட்டியில் பேருந்தை விட்டு இறங்கி, அலுவலக ஜீப்பில் ஏறி, செம்மண் பாதையில் அரை மணி நேரம் குலுங்கிப் போனால் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று வரும். அதன் குழிக்குள்தான் ராணுவ ஆய்வுக்கூடத்தின் சோதனைக் களம். இரண்டு தகரக் கொட்டகை, ஒரு கட்டுப்பாட்டு அறை, நடுவில் இருபது மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் இரும்புக் குழாய். மேலே ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. குழிக்குள் ஒரு இலை அசையவில்லை.

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு கிடைத்த ஆய்வு உதவித்தொகை. இரண்டு ஆண்டுகள். வேலை நன்றாக இருந்தால் மூன்றாம் ஆண்டு நீட்டிப்பு. இல்லையென்றால் தேனி கடைவீதியில் அப்பாவின் பாத்திரக்கடைக்குத் திரும்ப வேண்டியதுதான். பக்கத்தில் குண்டு வெடித்தால் தலைக்கவசத்துக்குள் ஒரு சிப்பாயின் மூளை என்ன ஆகும் என்பது அவளுடைய ஆய்வு. குழாயின் ஒரு முனையில் வாயுவை அடைப்பார்கள். அலுமினியத் தகடு கிழிந்ததும் அதிர்வலை மறுமுனையில் உள்ள இரும்பு அறைக்குள் பாயும். அங்கே ஜெலட்டினில் வார்த்த ஒரு தலை கவசம் அணிந்து காத்திருக்கும். ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் அந்த அறையில் வெந்த எலும்பின் வாடை வீசும்.

குழாயை இயக்குபவர் ராஜமணி. காமயகவுண்டன்பட்டிக்காரர். முன்பு கம்பம் பக்கம் கிணறு வெட்டுகிறவர்களோடு வெடி வைத்துத் திரிந்தவர். முதல் நாளே அவள் கையில் ஒரு பித்தளை டோக்கனைக் கொடுத்தார்.

"ஏழாம் நம்பர், டாக்டரம்மா. தாலிய மறந்தாலும் இத மறக்கப்படாது."

"எனக்கு இன்னும் தாலியே ஏறலயே அண்ணே."

"அப்ப ரொம்ப நல்லது. ஒண்ணத்தான் ஞாபகம் வைக்கணும்."

இரும்பு அறையின் வாசலில் ஒரு சிவப்புப் பலகை, அதில் எட்டு ஆணிகள். அறைக்குள் போகிறவர் தன் டோக்கனைத் தன் ஆணியில் மாட்ட வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலியாக இருந்தால்தான் ராஜமணி வெடிப்புச் சாவியைத் திருப்புவார். ஒருவர் டோக்கனை இன்னொருவர் தொடக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. ஆனால் யாராவது மறந்துவிட்டுப் போனால் அடுத்தவர் எடுத்துக் கொடுப்பதுதான் அங்கே பழக்கம், அதுதான் மரியாதையும். களத்தின் தலைவர் விஜயபாண்டி சார் டோக்கன் மாட்டியே எப்சிபா பார்த்ததில்லை. அவருடைய ஒன்றாம் எண் மேசை இழுப்பறையில் கிடக்கும். அவர் உள்ளே போவதை யார் பார்க்கிறார்களோ, அவர்கள் அதை எடுத்து வந்து மாட்டுவார்கள்.

ஐந்தாம் எண் யாரிடமும் இல்லை.

அதைப் பற்றி ராஜமணி பேச ஏழு மாதம் ஆயிற்று. அவளுக்கு முன்னால் இதே உதவித்தொகையில் இருந்தவன் ஆரிப், உத்தமபாளையத்துப் பையன். டெல்லியிலிருந்து அதிகாரிகள் வந்திருந்த நாள். உணர்கருவி ஒன்று சரியில்லை, பத்து நிமிடம் வேண்டும் என்று உள்ளே போனான். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"சார்தான் அவன் டோக்கன எடுத்தாக. பய வெளிய வந்துட்டான், மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சாக. எடுத்துச் சட்டப்பையில போட்டுக்கிட்டு, கதவையும் பூட்டிட்டு வந்துட்டாக. நான் பாக்கையில பலக காலி." ராஜமணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சாவியத் திருப்பும்போதுதான் தட்டுற சத்தம் கேட்டுச்சு. மூணு தட்டு."

மிச்சத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கதவைத் திறந்தபோது ஆரிப் கதவோடு சேர்ந்து வந்தான். வாயிலும் மூக்கிலும் நின்றது ரத்தம் மட்டும் அல்ல. கிழிந்த நுரையீரல் இளஞ்சிவப்பு நுரையாக மேலேறி வந்திருந்தது. கண்கள் அவற்றின் குழிக்குள்ளேயே சிதைந்திருந்தன. தட்டிய கையின் விரல்கள் பின்பக்கமாக மடிந்து புறங்கையில் படிந்திருந்தன. பெட்டியை ஆணி அடித்து மூடித்தான் ஊருக்கு அனுப்பினார்கள். குளிப்பாட்டக்கூட விடவில்லையே என்று அவன் அம்மா சுல்தான் பீவி நுழைவாயிலில் வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். டோக்கன் மாட்டாமல் உள்ளே போனது ஆரிப்பின் தவறு என்று அறிக்கை எழுதப்பட்டது. ஐந்தாம் எண் டோக்கன் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் ஆண்டு தை மாதத்தில் அது திரும்பி வந்தது.

எப்சிபாதான் முதலில் பார்த்தாள். எல்லோரும் வெளியே நிற்க, சிவப்புப் பலகையின் ஐந்தாவது ஆணியில் பித்தளை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. விளிம்பு வளைந்து கறுத்திருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து மூன்று தட்டு கேட்டது. மங்கிய, அவசரமில்லாத ஓசை. அந்தக் கணம் அவளுடைய இடது காதுக்குள் ஏதோ இறுகி உடைந்தது. தொட்டுப் பார்த்த விரல் சிவப்பாக வந்தது.

கதவைத் திறந்தால் ஜெலட்டின் தலை மட்டும் அவர்களைப் பார்த்து நின்றது.

ராஜமணி அன்று சாவியைத் திருப்பவில்லை. மறுநாள் பலகை காலியாக இருந்தது, திருப்பினார். பிறகு மாசியில் இருமுறை, வைகாசியில் ஒருமுறை ஐந்தாம் எண் வந்து தொங்கியது. ஐந்து தொங்கினால் அன்று வேலை இல்லை. விஜயபாண்டி சார் மெமோ கொடுத்துப் பார்த்தார். "மெமோவ நீங்களே வச்சுக்கங்க சார், அந்தச் சத்தத்த ரெண்டாந்தடவ என்னால கேக்க முடியாது" என்று ராஜமணி சொன்னபோது சார் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்படியே போய், எப்சிபாவுக்கு வேண்டிய பன்னிரண்டு வெடிப்புகளில் பதினொன்றுதான் முடிந்திருந்தன. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. பன்னிரண்டாவது இல்லாமல் ஆய்வு முழுமையாகாது. முழுமையாகாவிட்டால் நீட்டிப்பு இல்லை. வியாழக்கிழமை ஒன்றுதான் மிச்சம். மூன்றாவது உணர்கருவியில் இரைச்சல் வருகிறதென்று முந்தின நாள் சாரிடம் சொல்லியிருந்தாள். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வியாழன் பிற்பகல். வெயில் குழிக்குள் உருகி நின்றது. ராஜமணி குழாயின் மறுமுனையில் தகடு மாட்டிக்கொண்டிருந்தார். எப்சிபா இரும்பு அறையின் வாசலுக்கு வந்தாள்.

ஐந்து தொங்கியது.

ஆடவில்லை. யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நேராகத் தொங்கியது. கதவு பாதி திறந்திருந்தது, வெயிலில் நின்ற கண்ணுக்கு உள்ளே ஒரே இருட்டு. அதற்குள் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வருடம் என்று நினைத்தாள். பாத்திரக்கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்தாள். உள்ளே பார்க்காமலே கதவைத் தள்ளிச் சாத்தித் தாழைத் திருகினாள்.

மூன்று தட்டு.

கேட்டுக் கேட்டுப் பழகிய ஓசை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி மூன்று. பிறகு எண்ணிக்கையில்லாமல், வேகமாக.

"போதும் ஆரிப்" என்று முணுமுணுத்தாள். "இன்னைக்கு ஒருநாள் விட்டுரு."

கையை நீட்டி ஐந்தாம் எண்ணை ஆணியிலிருந்து கழற்றினாள். பித்தளை பலகையில் உரசி ஒரு சின்ன ஒலி எழுந்தது, உடனே தட்டும் சத்தம் நின்றது. டோக்கன் பனிக்கட்டிபோல் இருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கட்டுப்பாட்டு அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பின்னாலேயே ராஜமணி வந்தார். வழியில் சிவப்புப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"பலக காலிதான். உள்ள எட்டிப் பாத்தீகளா, தாயி?"

"பாத்தேன்."

அவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார்.

குழி முழுக்க அதிர்ந்தது. கொட்டகையின் தகரங்கள் அலறி ஓய்ந்தன. கணினித் திரையில் கோடுகள் எழுந்து விழுந்தன. முதல் உணர்கருவி, இரண்டாவது, இரண்டும் சுத்தமாக இருந்தன. மூன்றாவதில் கோடே இல்லை. யாரோ அதன் கம்பியைப் பிடுங்கிக் கையில் வைத்திருப்பதுபோல் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் விஜயபாண்டி சாரின் கார் நிற்பதை அப்போதுதான் ராஜமணி சன்னல் வழியாகப் பார்த்தார்.

அவர் ஓடினார். எப்சிபா ஓடவில்லை.

ஜெலட்டின் தலை கவசத்தோடு அப்படியே நின்றிருந்தது, ஒரு கீறல் இல்லை. அதன் முகத்தில் மட்டும் சிவப்பு தெறித்து வழிந்துகொண்டிருந்தது. விஜயபாண்டி சார் கதவுக்குக் கீழே சுருண்டு கிடந்தார். காதில் அடைத்திருந்த பஞ்சுகள் மண்டைக்குள் புதைந்து போயிருந்தன. வாயில் இளஞ்சிவப்பு நுரை. வலது கையின் விரல் முட்டிகள் உடைந்து, எலும்பு வெள்ளையாக வெளியே தெரிந்தது. கதவின் உட்புறம் அவர் எங்கெங்கே தட்டினார் என்பது ஒவ்வொன்றாக அச்சாகியிருந்தது. இடது கை விரல்களுக்கிடையில் மூன்றாவது உணர்கருவி இருந்தது. அவளுக்காக அதைச் சரிசெய்யத்தான் யாரிடமும் சொல்லாமல் முன்கூட்டி வந்திருக்கிறார்.

ராஜமணி அறை வாசலில் மண்டியிட்டு, ஐந்தாவது ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தொங்குச்சா?" என்றார், திரும்பாமல்.

அவள் பைக்குள் கையை விட்டாள். பை காலியாக இருந்தது.

"இல்ல."

டோக்கன் மாட்டாமல் உள்ளே போனது விஜயபாண்டியின் தவறு என்று அறிக்கை எழுதப்பட்டது. ராஜமணி கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவளிடம் பேசவில்லை. குழு பதினைந்து நாள் தள்ளி வந்தது. பன்னிரண்டாவது வெடிப்பின் இரண்டு கோடுகளே போதும் என்றது. நீட்டிப்புக் கடிதம் வந்தது. அப்பா கடைவீதி முழுக்க இனிப்புக் கொடுத்தார்.

புதிதாக இயக்க வந்தவள் மகிமா, பெரியகுளத்துப் பெண். விதியை எழுத்துக்கு எழுத்து பார்ப்பவள். மூன்றாம் ஆண்டின் முதல் வெடிப்பு அன்று, காலை வெளிச்சத்தில், எப்சிபா பலகையை நன்றாகப் பார்த்தாள். எட்டு ஆணியும் காலி. தன் ஏழாம் எண்ணை மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். உள்ளே போனாள்.

ஜெலட்டின் தலையின் கவசப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே பித்தளை பலகையில் உரசும் சின்ன ஒலி கேட்டது.

அவள் திரும்பினாள். வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும் நின்றது.

பிறகு அந்த வெயில் ஒடுங்கிக்கொண்டே வந்தது. கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது. தாழ் திருகிக்கொண்டது. வெகுதூரத்தில், கட்டுப்பாட்டு அறையின் ஒலிபெருக்கியில், மகிமாவின் குரல் நிதானமாகச் சொன்னது:

"பலகை காலி."

எப்சிபா இருட்டில் தடுமாறிப் போய்க் கதவைத் தட்டினாள். மூன்று முறை. அந்தத் தட்டு வெளியே எப்படிக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும்.