மிதி... விடு

மேட்டுச் சாலையின் உச்சியில் இருந்த பட்டறைக்குள் தங்கை அந்தப் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மதியம்தான். ஆனால் மழைமேகம் தகரக் கூரைமேல் வந்து உட்கார்ந்துவிட்டதால் உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது.

மெக்கானிக்குக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ‘நாளைக்கு’. எந்த வண்டியைக் கேட்டாலும் அதுதான் பதில். தங்கையிடம் மட்டும் அது செல்லாது.

“இன்னைக்கே வேணும்ணா. கீழ ஸ்கூல்ல பாப்பா காத்துட்டிருப்பா. நேத்துதான் வாங்கினேன், அதுக்குள்ள பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கு.”

“வாங்குறதுக்கு முன்னாடி அண்ணன்னு ஒருத்தன் இருக்கானேன்னு தோணலையா?”

“தோணுச்சு. நாளைக்குப் பாக்குறேன்னு சொல்லுவியேன்னு விட்டுட்டேன்.”

எஞ்சினை அணைத்து, பெடலை நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தான். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. காலுக்குக் கைகொடுக்க வேண்டிய பூஸ்டர் கைவிட்டிருந்தது.

தங்கையை சீட்டில் உட்காரவைத்து, எஞ்சின் ஓட, பானெட்டைத் தூக்கினான். கறுப்பு டப்பா மாதிரி இருந்த பூஸ்டரின் பக்கத்தில் காதை வைத்தான். தூக்கிய பானெட் அவளை மறைத்தது.

“மிதி.”

ஸ்ஸ்ஸ். பின்சுவரில் பிரேக் லைட் சிவப்பாக விழுந்தது.

“விடு.”

சிவப்பு போனது.

“மறுபடி மிதி.”

காற்றுக் கசிவு என்றால் ஒரே சீராகச் சீறும். இது இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. ஓடி இளைத்தவரின் மூச்சு. கூடவே கருகிய ரப்பர் வாசனை.

“காலை எடுத்துராத, தங்கம்.”

“யார்கிட்டண்ணா பேசுற?”

குரல் முதுகுக்குப் பின்னால், வாசலிலிருந்து வந்தது. அவள் காதில் போனோடு நின்றிருந்தாள்.

சுவர் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

கார் ஜன்னல்வரை போய் எட்டிப் பார்த்தான். சீட் காலி. அவன் பலத்துக்கு மசியாத பெடல் தரையோடு அழுந்திக் கிடந்தது. உயிரைக் கொடுத்து யாரோ மிதிப்பதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

தன் வேன் சாவியைத் தங்கையிடம் வீசினான்.

“என் வண்டிய எடுத்துட்டுப் போ. இது ஆகாது.”

“நாளைக்காவது?”

“எப்பவுமே.”

அவள் அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டு வெளியே போனாள்.

எஞ்சினை அணைத்தான். பேட்டரி வயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

சிவப்பு அணையவில்லை.

“விடு,” என்றான் கெஞ்சலாக. “எந்தங்கச்சிய விட்டுரு.”

பெடல் மெல்ல மேலே எழும் சத்தம் கேட்டது. சுவர் இருண்டது. சொன்ன பேச்சைக் கேட்கிறதே, நம் வாடிக்கையாளர்களைவிட மேல் என்று நினைத்தான். சிரிப்புக்கூட வந்தது.

கருகிய ரப்பர் வாசனை ஒன்று அவன் தோளை உரசிக்கொண்டு வாசல் பக்கம் போனது.

வெளியே வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம். வாசல் ஈரத்தில் சிவப்பு விழுந்தது.

“அண்ணா,” தங்கை கூப்பிட்டாள், “உன் வண்டியிலயும் பெடல் கல்லு மாதிரி இருக்கு.”