உசிலங்கன்றுகளைத் தின்றது யார்?

1992 பங்குனி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி.

திருச்சுழிக்கு மேற்கே ஊர்ப்பொதுக் காடு. சீமைக் கருவேலை வேரோடு பிடுங்கிவிட்டு, தொண்டர்கள் நாட்டு மரமாக வைத்து வளர்த்த காடு. அங்கே ஒரு வரிசை உசிலங்கன்றுகள் முழுக்க மொட்டையாக நின்றன. ஐப்பசி மழையில் நட்டு, குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக் காப்பாற்றிய கன்றுகள். வேலிப்படல் திறந்து கிடந்தது. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை.

திருச்சுழி ஸ்டேஷன் ஏட்டு சண்முகவடிவுக்கு அன்று வார ஓய்வு. ஓய்வு நாளில் மற்றவர்கள் தலைக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். இந்த அம்மாள் கடப்பாரையோடு வந்து கூலியில்லாமல் குழி தோண்டுவாள். அன்று கடப்பாரையைப் போட்டுவிட்டு மொட்டைக் கன்றுகளிடம் ஓடினாள். பாதி அவள் கையால் வைத்தவை.

"கேக்கணுமா? ஜக்கம்மா ஆடுதான்," என்றார் வெள்ளத்துரை. பக்கத்துக் கரிமூட்டத்துக்காரர். முன்பு இந்தக் காட்டுக் கருவேலெல்லாம் அவருடைய மூட்டத்தில்தான் கரியானது. "பத்து மணிக்கு ஊர்க்கூட்டம். காடு பாக்கன்னு மதுரையிலேர்ந்து மொத தடவையா பஸ்ஸுல ஆளு வேற வருது. இதைக் காட்டுங்க, வந்தவுக நல்லாச் சிரிப்பாக!"

காடு தொண்டர்கள் கையிலேயே இருக்குமா, மறுபடி கரிக்கு ஏலம் போகுமா என்பது அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். தொண்டர்களின் பொறுப்பாளர் தனுஷ்கோடி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜக்கம்மாள் உட்காரவில்லை. அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவள் அவள் ஒருத்திதான். இந்தக் காட்டுக்கு முதல் குழி வெட்டியவளும் அவளேதான்.

"ஏட்டம்மா, என் ஆடு இந்தப் படலைத் தாண்டியிருந்தா, அத்தனையும் இன்னைக்கே வித்துட்டு ஊரைவிட்டே போறேன். களவாணிங்கிற பேரு மட்டும் எனக்கு வேணாம்." தலை குனியவில்லை.

சண்முகவடிவு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒரு புழுக்கையை எடுத்து உருட்டிப் பார்த்தாள். விரல் நுனி அடுப்பங்கரை துடைத்தது போலக் கறுத்தது. கன்றுகளை ஒட்டிப் பழைய குடைவேல் மரம் ஒன்று. அதன் அடியில் வெயிலில் முற்றிக் காய்ந்து உதிர்ந்த நெற்றுக்காய் தரை தெரியாமல் கிடந்தது. மிதித்த இடமெல்லாம் நெறுநெறுத்தது.

திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, ஆட்டைக் கண்ணால பாத்தீகளா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"விடியக்கருக்கல்ல. பந்தல்குடிக்குக் கரி லோடு அனுப்பிட்டு வாரப்ப."

"எத்தனை உருப்படி?"

"முப்பது இருக்கும்."

"எங்க நின்னுச்சு?"

"நிக்கவா செஞ்சுச்சு? கன்னுகளைத் தின்னுட்டு அந்தக் குடைவேலு அடியில சாவகாசமாப் படுத்துல்ல கெடந்துச்சு!"

"குடைவேலுதானே? வேற மரம் இல்லையே?"

"என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"கண்ணு அவியல அண்ணாச்சி. புத்திதான் அவிஞ்சு போச்சு," என்றாள் சண்முகவடிவு. "ஜக்கம்மாக்கா, உங்க ஆட்டுக்கு முன்னால உசிலந்தழையும் குடைவேல் நெத்தும் கெடந்தா எதுல வாய வைக்கும்?"

"இதென்ன கேள்வி? நெத்தைக் கண்டா தழையத் திரும்பிப் பாக்குமா? ஒண்ணு விடாமப் பொறுக்கிரும்ல!"

"முப்பது ஆடு படுத்துக் கெடந்த எடத்துல நெத்து விழுந்தது விழுந்தபடி கெடக்கு. ஆடு வரவேயில்ல. தழைய அறுத்தது அருவா. புழுக்கை சாக்குல வந்துச்சு. எந்தச் சாக்கு?" விரலை நீட்டினாள். "கரித்தூளு. அடுப்பே மூட்டாத காட்டுல புழுக்கையில கரி எப்படி ஒட்டும்? வராத ஆட்டைப் பாத்தேன்னு சொன்னவரும் நீங்கதான், கரிச்சாக்கு வச்சிருக்கவரும் நீங்கதான். நாங்க எல்லாரும் மொட்டைக் கன்னையே பாத்துக்கிட்டு நின்னோம். நெத்தை ஒருத்தரும் பாக்கல."

வெள்ளத்துரைக்கு வேர்த்துக் கொட்டியது. "காடு ஏலத்துக்கு வந்திரும்னு... புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். கன்னுக்கு உள்ளதைக் குடுத்திர்றேன்."

"துட்டை நீங்களே வச்சுக்கோங்க," என்றாள் ஜக்கம்மாள். "என் ஆடு திங்கலைன்னு கூட்டத்துல சொல்லுங்க. மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்க."

சொன்னார். மைக் இரைந்ததால் இரண்டாம் தடவையும் சொல்லவைத்தார்கள். காடு தொண்டர்களிடமே இருக்கட்டும் என்று ஊரே கை தூக்கியது. சண்முகவடிவுக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. போலீஸ்காரி அழக்கூடாதென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மதுரை பஸ் வந்து நின்றது. சுற்றிக்காட்ட எழுந்த தனுஷ்கோடி, "ஜக்கம்மாக்கா, நீங்க முன்னால போங்க," என்று வழிவிட்டார்.

இறங்கியவர்களில் ஒருவர் கேட்டார்: "கவர்மெண்டு காடாம்மா?"

ஜக்கம்மாள் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள்.

"நாங்க வச்ச காடுங்க. ஆட்டுக்காரி நான்தான் இதுக்குக் காவல். வாங்க உள்ள!"