செப்புக் குடத்துத் தண்ணீர்

மழைக்கு ஒதுங்கியவள் மழை விட்டதும் போயிருக்கலாம். சினேகா போகவில்லை. கைப்பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். குழாயடியில் நிரம்பி வழிந்துகொண்டிருந்த தண்ணீர் கேனுக்குள் அதன் நுனியை விட்டாள்.

"ஏங்க... ஏங்க... இன்னா பண்றீங்க?"

குழாயை மூடிவிட்டு ஓடி வந்தான் பரணிதரன். அந்த வாட்டர் பிளான்ட் அவனுடையது.

"உப்பு தொண்ணூத்தி நாலு," என்றாள், பேனாவின் சின்னத் திரையைப் படித்து. "போர்டுல சுத்தமான தண்ணின்னு எழுதி வெச்சிக்கினு இருக்கீங்க..."

அதே தகரக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்ற வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திருத்தணியின் அரக்கோணம் ரோட்டில் அவன் தண்ணீரை அதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. பரணிதரனின் காது மடல் சிவந்துவிட்டது.

"குடிக்கிற தண்ணி அவ்ளோ இருக்கணுங்க. உப்பே இல்லன்னா நாக்குல சப்புனு இருக்கும். அதுக்குன்னுதான் கொஞ்சம் போர் தண்ணி கலக்கறோம்."

"எனக்குக் குடிக்க வாணாம். மீனுக்கு வேணும். கடல் மீனுக்கு."

"கடல் மீனுக்கு உப்பில்லாத தண்ணியா?"

"ஆங். அதுக்குத் தனி உப்பு வெச்சிருக்கேன், நானே போட்டுப்பேன். உங்க போர் உப்பு அதுல சேரக் கூடாது."

யாரோ சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இமை ஓரத்தில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றிருந்தது... அந்தக் கண்கள் விளையாட்டுக்குப் பேசவில்லை. அவன் சிரிக்காதது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்தது என்று அப்போதே ஒப்புக்கொள்ள அவள் என்ன லேசுப்பட்டவளா?

சினேகாவுக்கு அரக்கோணத்தில் கூரியர் ஆபீஸ் வேலை. அங்கிருக்கும் கடற்படைத் தளத்திலிருந்து மாற்றலாகிப் போகிறவர் வீட்டு அக்கா ஒருத்தி சாமான் அனுப்ப வந்தவள், "இத மட்டும் அனுப்ப முடியாதும்மா" என்று போனில் ஒரு படம் காட்டினாள். நீல வெளிச்சத்தில் விரல் விரலாக அசையும் ஒரு பவளம். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒரு ஜோடி. மீசையை ஆட்டும் சிவப்பு இறால் ஒன்று. பார்த்த மாத்திரத்தில் சினேகா விழுந்துவிட்டாள். அந்த வாரமே தொட்டி, பாறை, விளக்கு, உப்பு வாளி, அளக்கிற பேனா எல்லாம் குட்டியானை வண்டியில் திருத்தணியில் அவள் வீட்டுக்கு வந்து இறங்கின.

இறங்கியதைப் பார்த்து அவள் நைனா குணசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். ரயில்வேயில் ரிட்டயரான மனுஷர். எதையும் தண்டவாளம் மாதிரி நேராகத்தான் பேசுவார்.

"தையல் கிளாஸ் போன, பாதியில விட்ட. பேங்க் பரீட்சைக்குப் படிச்ச, பாதியில விட்ட. ஆரம்ப சூரத்தனத்துல உன்ன அடிச்சிக்க ஆளே இல்ல. ஆனா இது துணியும் இல்ல, புக்கும் இல்லம்மா... உசுருங்க. ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்கறேன். தேறலன்னா சித்தூர் ரோட்டு ஓட்டல்காரன் தங்க மீன் வுட தொட்டி கேக்கறான், தூக்கிக் குடுத்துடுவேன்."

உசுருங்க என்ற சொல்தான் அவளைத் தைத்தது. தான் கைவிட்ட தையல் மெஷின் சாகவில்லை. இவை செத்துப்போகும். இந்த முறை மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிளான்ட்டில் விலாசம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை வாசலில் இரண்டு கேன். பின்னால் பரணிதரன்.

"போர் தண்ணி கலக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சது. அளந்து பாருங்க."

"எட்டு."

"பாஸா?"

"ம்... பாஸ்தான்."

தண்ணீர் கொடுத்தவன் போயிருக்க வேண்டியதுதானே... நின்றான். தொட்டி முன்னால் குனிந்து பவளத்தையே பார்த்தான்.

"இது செடிங்களா?"

"பிராணி. எடம் பிடிச்சிருந்தா விரியும். பிடிக்கலன்னா சுருங்கிக்கும்."

"நல்லாருக்கே... வாயத் தொறந்து கேக்கவே வாணாம். மனுசங்களுக்கும் அப்பிடி இருந்தா எவ்ளோ சௌகரியம்."

கண்ணாடியில் இரண்டு முகங்கள் தெரிந்தன. அவன் பவளத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சினேகா சட்டென்று பேனாவை மறுபடியும் கேனுக்குள் விட்டாள். இப்போதும் எட்டுதான். அவளுடைய நெஞ்சு மட்டும் எந்தக் கணக்கிலும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் வராத காலையே இல்லை. 'மீனுங்க சௌக்கியமா' என்பான். 'கேட்டதா சொல்றேன்' என்பாள். இவ்வளவுதான் பேச்சு... இதற்காக அவள் ரயிலைத் தவறவிட்ட நாளும் உண்டு.

ஒருநாள் கேனில் பிளாஸ்டிக் வாசனை வருகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அடுத்த காலை கேன் வரவில்லை. புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடம் ஒன்று வந்தது.

"ராத்திரியே ரொப்பி வெச்சிட்டேங்க. செம்புல ஊறுன தண்ணி ரொம்ப விசேஷம்னு அம்மா சொல்லுவாங்க. குடம் இங்கியே இருக்கட்டும், தினம் நான் வந்து ரொப்பறேன்."

யாராவது தன் மீனுக்காக இவ்வளவு யோசிப்பார்களா என்று குடத்தை வாங்கித் தொட்டியருகே வைத்தாள். தொட்டியில் ஆவியாகிக் குறைந்த தண்ணீரை அன்றிலிருந்து அந்தக் குடத்திலிருந்தே ஊற்றி வந்தாள்.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலை இறால் செத்துக் கிடந்தது. பவளம் முஷ்டியாகச் சுருங்கியிருந்தது. பேனாவை விட்டுப் பார்த்தாள். குடத்துத் தண்ணீர் வழக்கமான எண்ணைத்தான் காட்டியது.

நைனா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"கிருத்திகை முடிஞ்சதும் ஓட்டல்காரன வரச் சொல்லிட்டேம்மா," என்றார் மெதுவாக.

சினேகா நேராக பிளான்ட்டுக்குப் போனாள். கூட்டம் நின்றது. அவள் பார்க்கவில்லை.

"உங்க தண்ணியில இன்னாவோ இருக்குது. என் இறால் செத்துப்போச்சு."

பரணிதரன் முகம் வெளுத்தது. "நீங்கதானே தினம் அளந்தீங்க? எல்லார் எதிர்லயும் ரெண்டாவது தரம் சொல்றீங்க. என் தண்ணி மேல நம்பிக்க இல்லன்னா வேற எடம் பாத்துக்கோங்க."

"பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து அழுதாள். இறாலுக்காக மட்டும் அழவில்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, தொட்டி கொடுத்த அக்காவுக்குப் போன் போட்டாள். விளக்கைக் கேட்டாள் அக்கா, சூட்டைக் கேட்டாள், உப்பைக் கேட்டாள். மறுநாள் காலையும் பவளம் அப்படியே இருக்க, மறுபடி கூப்பிட்டபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"தண்ணிய எதுல வெச்சிருக்க?"

"குடத்துலக்கா... செப்புக் குடத்துல."

"ஐயோ!" என்றாள் அக்கா.

"செம்பு மனுசங்களுக்கு நல்லதும்மா. இறாலுக்கும் பவளத்துக்கும் அது விஷம். துளி எறங்குனாலும் போதும், உன் பேனாவுக்கு அது தெரியாது. பாதித் தண்ணிய எறைச்சிட்டுப் புதுசா மாத்து. இன்னிக்கே மாத்து."

இன்றைக்கே என்றால் ஆடிக் கிருத்திகை அன்றைக்கு. ஊர் முழுக்க மஞ்சள் துணியும் காவடியும். வண்டி எதுவும் நுழைய முடியாது. திருத்தணியில் தண்ணீர் பிளான்ட்டுக்கா பஞ்சம்... வேறு இடம் பார்க்கலாம்தான். ஆனால் செய்யாத தப்பை ஒருவன் மேல் சுமத்திவிட்டு எந்த முகத்தோடு வேறு இடம் போவது? கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு நடந்தாள்.

பிளான்ட்டில் ஈ நுழைய இடமில்லை. வருஷத்தில் அவனுக்குப் பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். அவளைக் கண்டும் காணாதவன் மாதிரி குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க தண்ணியில ஒரு தப்பும் இல்ல," என்றாள் சினேகா, எல்லார் காதிலும் விழும்படி. "எல்லார் எதிர்லயும் சொன்னேன். எல்லார் எதிர்லயும் வாபஸ் வாங்கிக்கிறேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக் குடத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் கை குழாயிலேயே நின்றுவிட்டது.

"அப்ப... நான்தான் கொன்னேனா?"

"கொண்டாந்தது நீங்க. ஊத்துனது நான். பவளம் இன்னும் சாவல. தண்ணி வேணும்... குடுப்பீங்களா?"

அவன் போர் தண்ணீர் கலக்கும் வால்வை மூடினான். "இன்னிக்கு ஒரு நாள் ஊரே சப்புனு குடிக்கட்டும்," என்று அவளிடம் ஒரு கேனைக் கொடுத்துத் தானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டான்.

பாதி வழியில் காவடி இறக்கி உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் தண்ணீர் கேட்டது. அவன் தவித்துப்போய் அவளைப் பார்த்தான்.

"குடுங்க," என்றாள். "திரும்பிப் போய்ப் பிடிச்சிக்கலாம்."

அப்படி எத்தனை தடவை நடந்தார்களோ... இடுப்பில் கேனும் நனைந்த துப்பட்டாவுமாக மகள் படியேறுவதை குணசேகரன் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து, உப்பு வாளியைத் திறந்தார்.

"எவ்ளோ போடணும்?"

"இரு நைனா, அளந்து போடணும்."

அளந்து போட்டார்கள். கலக்கினார்கள். பழைய தண்ணீரை இறைத்துப் புதியதை மெதுவாக ஊற்றினார்கள். சாயங்காலம் குணசேகரன் ஓட்டல்காரனுக்குப் போன் போட்டு, "தொட்டி இல்லப்பா, வேற எடத்துல புதுசா வாங்கிக்க," என்று சொல்லிக்கொண்டே டீ வாங்கப் போனார்.

இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பவளம் ஒரே ஒரு விரலை நீட்டியது. தயங்கியது. இன்னொன்றை நீட்டியது... சினேகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒண்ணு சொல்லணுங்க," என்றான் பரணிதரன், தரையைப் பார்த்து. "அந்தக் குடம் எங்க அம்மாவுக்குச் சீரா வந்தது. வீட்டுக்கு வரப்போற மருமகளுக்குன்னு பரண்ல வெச்சிருந்தாங்க. எறக்கறப்ப யாருக்குடான்னு கேட்டாங்க."

"இன்னா சொன்னீங்க?"

"உங்க பேரச் சொன்னேன்." காலிக் கேனின் மூடியைத் திருகினான். "கேன்ல கொண்டாற மனசு வரல எனக்கு. அது இப்பிடி ஆயிடுச்சு... நாளைக்கு வந்து குடத்த எடுத்துகினு போயிடறேங்க."

அவன் எழுந்தான். அவள் எழவில்லை.

"குடம் எங்கியும் போவாது," என்றாள். "மீனுக்கு மட்டும் அதுல வாணாம், நாம குடிச்சிக்கிறோம்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க."

"யாருகிட்ட?"

"அத்தைகிட்ட," என்றாள் சினேகா, இந்த முறை அவன் கண்ணைப் பார்த்தே.