ஒட்டாத நோய்

விடிந்ததும் விடியாததுமாக ஹுமேரா அழுதுகொண்டே குழந்தையைத் தூக்கி வந்தாள். ஒன்றரை வயது அஃப்ராவின் கையிலும் வாயோரத்திலும் கொப்புளங்கள்.

"நான் பயந்த மாதிரியே ஆயிருச்சு பாருங்கக்கா... தொடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்."

"நான் தொடவே இல்ல கண்ணு," என்றாள் சித்திகா. கொழுந்தன் மனைவியான ஹுமேரா நம்பவில்லை.

சித்திகாவுக்குப் பிள்ளை இல்லை. அஃப்ராவைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவள் அவள்தான். ஹுமேரா வேலைக்குப் போகட்டும் என்று தையலை விட்டுவிட்டு, உக்கடத்து வீட்டின் அத்தனை பாத்திரத்தையும் துணியையும் சோப்புத் தண்ணீரில் அலசினாள். அவளுடைய உள்ளங்கையிலும் பாதத்திலும் ஜவ்வரிசி போலக் கொப்புளங்கள் கிளம்பின. அரித்தன, உடைந்து தோல் வெடித்தது. ஒட்டிக்கொள்ளும் என்றார்கள் வீட்டார். இரண்டு மாதமாக அவளுக்குத் தனித்தட்டு, தனியறை. குழந்தை காப்பகத்தில்.

மருத்துவமனைக்கு இருவருமே போனார்கள். தோல் டாக்டரம்மா குழந்தையைப் பார்த்தார்.

"காப்பகத்துக்குப் போகுதுங்களா? அங்கிருந்து வந்த வைரஸுங்க இது. ஒரு வாரத்துல சரியாயிரும்."

பிறகு சித்திகாவின் கைகளைத் தயங்காமல் பிடித்துத் திருப்பினார். "இது வேறங்கம்மா. எக்ஸிமா. யாருக்கும் ஒட்டாது."

"முழுசாப் போயிருமுங்களா?"

"போகும், திரும்ப வரும். அடக்கித்தான் வெக்கணுமுங்க. கொப்புளத்த உடைக்காதீங்க. கழுவுனதும் விரலிடுக்குல ஈரமில்லாம ஒத்திப்போட்டு களிம்பு பூசுங்க. பாத்திரம் கழுவுனா பருத்தி உறைக்கு மேல ரப்பர் உறை போட்டுக்கங்க. மனசு நொந்தாலும் கூடுமுங்க."

வீட்டுக்கு வந்ததும் ஹுமேரா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மன்னிச்சுருங்கக்கா... பாவி நான்."

"நீ பெத்தவ. பயந்தே. அழுகாதே," என்று சித்திகா அவள் முதுகை மணிக்கட்டால் தடவினாள். பிறகு அறைக்குப் போய்ப் பையில் துணியை அடுக்கினாள்.

கணவர் ஷேக் பரீத் வந்து அவள் கையைப் பிடித்தார். "எங்க போறே? அதான் ஒட்டாதுன்னு தெரிஞ்சு போச்சே."

"ஏனுங்க, ரெண்டு மாசமா தண்ணிச் செம்பக்கூட எட்டத்துல வெச்சுட்டுப் போனீங்க. அவ குழந்தைக்கு ஒட்டிரும்னு பயந்தா. உங்களுக்கு என்னங்க பயம்? இருபத்திரண்டு வருஷம் இந்தக் கையால சாப்ட்டீங்க..."

அவர் மெல்லக் கையை விட்டார்.

"அன்னூர்ல அண்ணன் ஊட்டுக்குப் போறேனுங்க."

வாரேன் என்று அவள் சொல்லவில்லை.

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. வெடித்த உள்ளங்கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல், முழங்கையை அதில் கோத்துக்கொண்டு, எரியும் பாதங்களில் அன்னூர்வரை நின்றபடியே போனாள்.