அம்மா என்றால் பதில் இல்லை

பக்கத்து ஷெட்டில் பவர்லூம்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றபோதுதான் கலைமகளுக்கு அது கேட்டது. பெரிய சத்தமொன்றும் இல்லை. உள்ளறையில் அவள் மகள் தன்ஷிகா யாருக்கோ "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

கதை கேட்கிற குழந்தை கொட்டுமே, அந்த "ம்". சொல்கிறவர் நிறுத்துகிற இடம் பார்த்து ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நடுவில் ஒரு சிரிப்பு. வீட்டில் தாயையும் மகளையும் தவிர யாரும் இல்லை. கணவன் பிரபாகரன் விடியற்காலையிலேயே புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டான்.

ஆரணியை அடுத்த சேவூரில் அன்று பராமரிப்புக்காகக் கரண்டு நிறுத்துகிற நாள். மற்ற நாட்களில் அந்தத் தெருவில் பேச்சென்றாலே கத்தல்தான்; இரண்டு பக்கமும் தறி ஓடுகிற வீட்டுக்குள் அண்டா உருண்டாலும் தெரியாது. கரண்டு போனால்தான் மற்றதெல்லாம் காதில் விழும். வயல் பக்கத்துக் கொக்கின் சத்தம், சாக்கடையில் சாயத்தண்ணீர் சொட்டுவது, சுவரில் பல்லி ஓடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும். அன்று அவற்றோடு இதுவும் கேட்டது.

கலைமகள் கரண்டியை வைத்துவிட்டு மெல்லப் போய் எட்டிப் பார்த்தாள். குழந்தை பாயில் சம்மணமிட்டு, படுக்கைகளை அடுக்கிவைத்திருந்த மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது. பெரியவர்கள் முகத்தைப் பார்க்கக் குழந்தைகள் அப்படித்தான் நிமிர்வார்கள்.

"ஹூ ஆர் யூ டாக்கிங் டு, பேபி?"

குழந்தை திரும்பியது. இருந்த சிரிப்பு போய், பாடத்துக்கு உட்காருகிற முகம் வந்தது. "நோபடி, மம்மி."

அறையில் பால் வாசனை அடித்தது. கறந்த பாலின் வாசனை அல்ல. ரவிக்கையில் ஊறிக் காய்ந்து புளிக்கிற தாய்ப்பாலின் வாசனை. தன்ஷிகா பால் மறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கலைமகள் ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தாள். குழந்தை மறுக்கவில்லை. ஆனால் வாசற்படி தாண்டும்போது திரும்பிப் பார்த்துத் தலையசைத்தது.

கலைமகள் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் பட்டது அப்படி. வேலூரில் கல்லூரி சேர்ந்த முதல் வாரம், ஆபீஸ் வாசலில் நின்று, "சார் உள்ள கீறாராங்க?" என்று கேட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். படிப்பு முடியும்வரை அவளுக்குப் பெயர் "கீது". அந்த நெருப்பு அடங்கிக் கிடந்தது. போன வருஷம் சென்னையில் ஒரு கல்யாணப் பந்தியில், அப்போதுதான் பேச்சு வந்த தன்ஷிகா மணி மாதிரிக் குரலெடுத்து, "தண்ணி கீதா?" என்று கேட்டுவிட்டாள். எதிரே இருந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "அய்யோ, ஸோ க்யூட்! எந்த ஊருங்க நீங்க?" அந்த அம்மாள் கட்டியிருந்ததோ ஆரணிப் பட்டு. கலைமகளுக்குக் காதுமடல் கொதித்தது. வாங்கிய இட்லியை அப்படியே விட்டு எழுந்தாள்.

ஊருக்கு வந்ததும் போனில் ஒரு குழுவில் சேர்ந்தாள். பால்குடி மறக்கும் முன்பே பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம், மூன்று மொழி பேசவைக்கலாம் என்று சொல்கிற தாய்மார்களின் குழு. காலையில் இங்கிலீஷ் அட்டை, மதியம் இந்தி அட்டை, சாயங்காலம் புத்தகத் தமிழ். இரண்டரை வயதில் தன்ஷிகா "எலிஃபென்ட்" என்ற சொல்லைப் பார்த்ததும் படித்தாள். "ஹாத்தி" என்றாள். "யானை" என்று ஆசாரமாகச் சொன்னாள். இதற்கெல்லாம் ஒரே ஒரு விதி: வீட்டுப் பேச்சுக்குத் தாய் பதில் சொல்லக் கூடாது. குழந்தை "மம்மி" என்றால்தான் திரும்ப வேண்டும். "அம்மா" என்றால் காது கேட்காத மாதிரி இருந்துவிட வேண்டும். அழும், விட்டுக்கொடுத்துவிடாதீர்கள் என்று குழுவை நடத்துகிறவள் எழுதியிருந்தாள்.

அழத்தான் செய்தது. ஒருநாள் அந்தி நேரத்தில் உள்ளறையில் தூங்கி எழுந்து, இருட்டைப் பார்த்துப் பயந்து, "அம்மா... அம்மா, பயமா கீதும்மா" என்று கூப்பிட்டது. கலைமகள் சமையற்கட்டில் இருந்தாள். எழுந்து போக நாலு எட்டுதான். வெங்காயம் அரிந்த கையை மடியில் பொத்திக்கொண்டு, "மம்மி"க்காகக் காத்திருந்தாள். அழுகை ஏறி ஏறி, தொண்டை கட்டி, சட்டென்று நின்றது. பிறகு விசும்பலோடு சின்னதாக ஒரு குரல்: "ம்... சரிம்மா."

தானே சமாதானமாகிவிட்டது என்று நினைத்தாள். குழுவில் பெருமையாகப் போட்டாள். கை தட்டுகிற பொம்மைகள் வந்து குவிந்தன.

அதற்குப் பிறகு தன்ஷிகா அவளை "அம்மா" என்று கூப்பிடவே இல்லை.

மதியம் ஜன்னல் பக்கம் ஜெயம் வந்து நின்றாள். அடுத்த வீட்டுக்காரி, மோட்டார் ராட்டையில் பட்டு நூல் சுற்றுகிறவள். கரண்டு இல்லாததால் அவளுக்கும் அன்று ஊர்க்கதை பேச நேரம் இருந்தது.

"இன்னா கலை, பாப்பா தூங்குதா?"

"இல்லக்கா. படிக்கிறாள்."

"உன் இங்கிலீசுப் பைத்தியம் தெளிஞ்சுதேன்னு சந்தோசமா பூச்சுடி எனக்கு. நேத்து மத்தியானம் சாப்பாட்டுக்குத் தறி நிறுத்துன நேரத்துல கேட்டுகினுதான் இருந்தேன். கொயந்தைக்கு எவ்ளோ நல்லா கத சொல்லிகினு இருந்தே! நம்ம பாஷையில. 'நரி வந்துச்சாம், கதவத் தட்டுச்சாம்'னு. எனக்கே மடியில வந்து படுத்துக்கலாம் போல இருந்துச்சு."

நேற்று மத்தியானம் கலைமகள் குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்குகிறது என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

"நான்தானாக்கா அது?" என்றாள். அவள் காதுக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில்.

"நீ இல்லாம யாரு? உன் கொரலு எனக்குத் தெரியாதா?" ஜெயம் சிரித்தாள். "இன்னாடி, மூஞ்சி இப்டிப் பூச்சு?"

சொல்லிவிடலாம். வாசலைத் திறந்து, அக்கா உள்ளே வாயேன், எனக்குப் பயமா கீது என்று சொல்லிவிடலாம். ஆனால் என்னவென்று சொல்வது? பெற்ற பிள்ளை அம்மா என்று கூப்பிட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, வேறு எதுவோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்றா? அந்தத் தெருவில் நடை வண்டி பிடித்து நடக்கிற பிள்ளைகூட அம்மா என்று கூப்பிட்டால் ஒரு பதில் வரும். கலைமகளுக்கு வெட்கத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒன்னுமில்லக்கா, வெயில்" என்றாள். வெளியே மேகம் மூடியிருந்தது.

பிரபாகரனுக்குப் போன் போட்டாள். "கொயந்த இன்னா பண்ணுது?" என்றான். "படிச்சிகினு கீ..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டிய புருஷனிடம்கூட அந்தச் சொல் வர மறுத்தது. "படிக்கிறாள். ஜல்தி வந்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு, தன்னைத் தானே தேற்றிக்கொள்ளத்தானோ என்னவோ, அட்டைகளை எடுத்துப் பரப்பினாள். தன்ஷிகா எதிரே மரியாதையாக வந்து உட்கார்ந்தாள். ஒவ்வோர் அட்டைக்கும் பிசகாமல் பதில் வந்தது. ஹவுஸ். ரிவர். பேர்ட். கூடத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. புழுக்கம். உள்ளறையிலிருந்து அந்தப் பால் வாசனை மெல்ல மெல்லக் கூடத்துக்கும் பரவியது. குழந்தை மூச்சை இழுத்து முகர்ந்துவிட்டு, பாடம் எப்போது முடியும் என்பது போல அட்டைக்கட்டைப் பார்த்தது.

அடுத்த அட்டையில் புடவை கட்டிய ஒரு பெண் படம்.

"மதர்," என்றது குழந்தை.

கலைமகள் அட்டையைக் கீழே வைத்தாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "வேர் இஸ் யுவர் மதர், பேபி?"

தன்ஷிகா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கையை நீட்டி உள்ளறையைக் காட்டினாள்.

கலைமகள் எழுந்து உள்ளறைக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். குழந்தை அழவில்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது. பொழுது சாய்ந்தும் கரண்டு வரவில்லை. ஜெயம் வீட்டில் யாரும் இல்லை, கோயிலுக்குப் போயிருப்பாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றுவிடலாம், பிரபாகரன் வருகிறவரை ஆட்களோடு இருக்கலாம் என்று முடிவு செய்தாள். சமையற்கட்டுக்குப் போய் அடுப்பை அணைத்தாள். பால் புட்டியைப் பையில் போட்டாள். செருப்பைத் தேடினாள்.

திரும்பி வந்தபோது கூடத்தில் அட்டைகள் மட்டும் கிடந்தன.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது.

இருட்டு. ஜன்னல் இருக்கிற இடம் மட்டும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். தணிந்த குரல். தூங்கவைக்கிற குரல். கலைமகள் வாசற்படியில் நின்றாள்.

அது அவள் குரல்.

இப்போதைய குரல் அல்ல. வேலூருக்குப் போவதற்கு முன்னால் இருந்தது. யாரும் சிரிக்காத காலத்துக் குரல்.

"இன்னாடி கண்ணு... பயமா கீதா? அம்மா இங்கதான் கீறேன். எங்கயும் போமாட்டேன்."

"போமாட்டியா?"

"கூப்ட்டா வராம பூடுவனா?"

கலைமகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெட்கம் அவளை உள்ளங்காலிலிருந்து தின்றது. பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. அது பேசிய ஒவ்வொரு சொல்லும் அவள் பேசியிருக்க வேண்டியது. அவளிடம் இருந்தது. அவள்தான் கொடுக்கவில்லை.

கூப்பிட வேண்டும். இப்போதே. வாயைத் திறந்தாள்.

"பேபி, கம் ஹியர்!"

உள்ளே பேச்சு நின்றது.

"கம் டு மம்மி. ப்ளீஸ்!"

பதில் இல்லை. ஒரு சிரிப்பு. குழந்தையுடையதா, மற்றதா, தெரியவில்லை. கலைமகள் தலையில் அடித்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தொண்டைக்குள் எங்கோ துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்து வெளியே போட்டாள்.

"கண்ணு... வாடி. அம்மா இங்க கீறேன்டி. வந்துடுடி என் தங்கம்."

அதே சொற்கள் அதே நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்தும் வந்தன. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஆனால் அது அழவில்லை. அது கெஞ்சவில்லை. பழக்கப்பட்ட வாய் சொல்கிற மாதிரி, சாவகாசமாகச் சொன்னது.

கண் இருட்டுக்குப் பழகியது.

தன்ஷிகா தெரிந்தாள். தரையில் இல்லை. கலைமகளின் தோள் உயரத்துக்கு மேலே தெரிந்தது அந்தத் தலை. இடுப்பில் தூக்கிவைத்திருக்கிற குழந்தை எப்படி உட்காருமோ அப்படி உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். ஒரு கை ஒரு கழுத்தைச் சுற்றி வளைந்திருந்தது. கன்னம் ஒரு தோளில் அழுந்தி நசுங்கியிருந்தது. அவளுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெறும் சுவர். அந்த ஒன்றுமில்லாதது இடமும் வலமும் மெல்ல ஆடி, குழந்தையைத் தாலாட்டியது.

"தன்ஷு..." கலைமகள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "அம்மாடி... நான்தாண்டி அம்மா..."

குழந்தை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. கோபம் இல்லை. பயம் இல்லை. யார் வீட்டுப் பெண்ணோ வாசலில் நின்று அழுவதைப் பார்க்கிற முகம். பிறகு அந்தத் தோள் பக்கம் திரும்பி, "போலாம்மா" என்றது.

ஆட்டம் நின்றது. குழந்தை அந்த உயரத்திலேயே, இடுப்பில் இருக்கிறவர்கள் குலுங்குகிற மாதிரி குலுங்கிக் குலுங்கி, மூலைப் பக்கம் நகர்ந்தது. படுக்கைகளைத் தாண்டி. சுவர் இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி.

போகும்போது மறக்காமல் திரும்பி, கையை அழகாக ஆட்டியது. உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

"பை, மிஸ்."