மூலை மடிந்த பக்கம்

மன்னவனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாலை நாலு மணிதான். அதற்குள் மூடுபனி என் புகுந்த வீட்டை மறைத்திருந்தது. கல்யாணமாகி ஆயக்குடியிலிருந்து நான் கொண்டுவந்தது இரண்டு பெட்டி. ஒன்றில் சேலைகள், மற்றதில் துப்பறியும் நாவல்கள். குதிரைவண்டி ஓடிய அந்தக் காலத்துச் சென்னைப் பட்டணத்தில் கொலை நடக்கும் கதை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவேன். அப்படியொரு சந்தேகப் புத்தி.

என் கணவர் செல்வமுருகனுக்கு இது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் ஜோதிமணி காய்ச்சலில் போய்விட்டாளாம்.

"எந்நேரமும் பூண்டு உரிச்சுக்கிட்டே கெடப்பா. அவ கைபட்டதெல்லாம் அந்த வாடைதான்" என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா.

ஊரே பூண்டு விளைவிக்கிறது. அவள் போன பிறகு இந்த வீட்டுக்குள் ஒரு பல்கூட வரக்கூடாது என்பது அவர் கட்டளை.

மறுநாள் எனக்குச் சளி. படுத்தபடி புது நாவலைப் பிரித்தேன். பிளாஸ்டிக் உறையை நானேதான் கிழித்தேன்.

நடுவில் ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருந்தது.

முகர்ந்தேன். பூண்டு வாடை.

அந்தப் பக்கத்தில் பட்டணத்து வியாபாரி ஒருவன், நோயாளி மனைவிக்குப் பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தான்.

"ஷர்மிளா, மிளகுப்பால். வெரசா குடி, ஆறிரும்."

டம்ளரோடு அவர் நின்றார்.

"நீங்க ஒரு வாய் குடிங்க."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். சிரித்தார். "கதை படிச்சுப் படிச்சு ஒனக்குப் புத்தி கெட்டுக் கெடக்கு." பாதியை மடமடவென்று குடித்துவிட்டு நீட்டினார்.

வெட்கமாகப் போய்விட்டது. மிச்சத்தைக் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த நாள் பகலிலும் ஒரே இருட்டு. நாவலை எடுத்தேன். பழைய மடிப்பு நிமிர்ந்திருந்தது. நான் இன்னும் படிக்காத ஒரு பக்கம் மடிந்திருந்தது.

'முதல் நாள் வியாபாரி தானே குடித்துக் காட்டினான். மறுநாள் அவள் கேட்கவில்லை.'

அடுப்படியில் டம்ளர் சத்தம்.

அவர் வந்தார். "இன்னைக்கும் என்னயக் குடிக்கச் சொல்லுவியோ?" என்று சிரித்தபடியே கட்டிலருகே குனிந்தார்.

சிரிப்பு நின்றது.

மூக்கைச் சுளித்து அறையைச் சுற்றிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பூண்டு உரிச்சது யாரு?" குரல் காற்றாய் வந்தது.

டம்ளர் கைநழுவித் தரையில் உருண்டது.

என் மடியில் விரிந்து கிடந்த புத்தகத்தில் அடுத்த பக்கத்தின் மூலை, மெல்ல மடிந்துகொண்டிருந்தது.